கொம்பு கொஞ்சம் நகர்ந்தால்...

போன வருஷம் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது கொடிக்கயிறு டிஷ்ஷின் கையில் மாட்டி இழுத்துவிட்டது. அன்று மாலை டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ரிப்பேருக்கு வந்த அண்ணன் தட்டைத் தொடவே இல்லை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யைக் கொஞ்சம் நகர்த்தினார், அவ்வளவுதான். "தட்டு சும்மா கண்ணாடி மாதிரி தம்பி, பிடிக்கிறது இதுதான்" என்றார்.

அன்று பிடித்த கிறுக்கு. பி.காம் படிப்பவனுக்கு ஆன்டெனா எதற்கு என்று கேட்காதீர்கள் :-)

தட்டு வரும் அலைகளை ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியில் வாய் திறந்து நிற்பதுதான் ஃபீட் ஹார்ன், அதாவது கொம்பு. அது முன்னே பின்னே நகர்ந்தால் பார்வை அகன்று மங்கும். பக்கவாட்டில் நகர்ந்தால் பார்வையே எதிர்ப்பக்கம் சாயும். ஒரு பக்கம் மட்டும் வால் முளைத்ததுபோல வேண்டாத திசையிலும் பார்க்கத் தொடங்கும். சில சமயம் இதை வேண்டுமென்றே செய்வார்கள். கடலின் உப்பை அளக்க 2011இல் ஏவப்பட்ட அக்வாரியஸ் கருவியில் 2.5 மீட்டர் தட்டுக்கு மூன்று கொம்புகள், மூன்று பார்வைகள்.

டிவியில் தப்பு நடந்தால் உடனே தெரியும். பூமியை அளக்கும் ரேடியோமீட்டரில் தெரியாது. 2015இல் நாசா ஏவிய ஸ்மாப், 685 கி.மீ. உயரத்தில் 6 மீட்டர் வலைத்தட்டைச் சுழற்றி மண்ணின் ஈரத்தை அளக்கிறது. பார்வை அரை டிகிரி சாய்ந்தால் தரையில் 7 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். கடற்கரை ஓரத்தில் அது விபரீதம்: அந்த அலைவரிசையில் கடல் 100 கெல்வினைச் சுற்றி, நிலம் 250ஐத் தாண்டி. இரண்டும் கலந்து வரும் எண், ஈரமான வயலின் எண்ணைப் போலவே இருக்கும்! உப்புக் கணக்கு இன்னும் கறார். கிலோவுக்கு 0.2 கிராம் வித்தியாசம் கண்டுபிடிக்க 0.1 கெல்வின் வரை சரியாக இருக்கவேண்டும். தட்டின் விளிம்பைத் தாண்டிக் கொம்பு நேராகப் பார்த்துவிடும் வானமும் வெயிலில் கொம்பே சூடாவதும் அதைக் கெடுத்துவிடும்.

எங்கள் பாடத்தில் இதை நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆனாலும் உள்ளே தப்பு ஒளிந்திருக்கலாம். வெளியிலிருந்து பேங்க் ஸ்டேட்மென்ட் வந்தால்தான் சில குட்டு உடையும்.

ஸ்மாப்புக்கும் அப்படி ஒரு ஸ்டேட்மென்ட் உண்டு. கடற்கரைகள் வரைபடத்தில் உள்ள இடத்திலேயே விழுகின்றனவா என்று பார்க்கிறார்கள். அவ்வப்போது செயற்கைக்கோளையே திருப்பி, பால்வீதி குறுக்கே வராத குளிர்ந்த வானத்தைக் காட்டுகிறார்கள். அங்கே ஏறக்குறைய 3 கெல்வின் வரவேண்டும். வராவிட்டால், வித்தியாசத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று உட்கார்ந்து தேடவேண்டியதுதான்.