குஞ்சு வாய் திறந்து மூச்சு வாங்கினால் கூளத்தைப் பாருங்கள்

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். மகளிர் குழுக் கடனில் 100 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கி, ஐப்பசி மழைக்காலத்தில் கொட்டகையில் விட்டார் ஓர் அம்மா. ஐந்தாம் நாள் நான்கு குஞ்சுகள் கழுத்தை நீட்டி, அலகைத் திறந்தபடி மூச்சுக்குத் தவித்தன. எட்டாம் நாளுக்குள் 23 செத்துவிட்டன.

வெள்ளைக்கழிச்சல் என்றார் மாமியார். சளி என்று சொல்லி, கடையில் ஆன்டிபயாடிக் பவுடர் வாங்கிவந்து தண்ணீரில் கலந்தான் மகன். மூன்று நாள் கொடுத்தும் சாவு நிற்கவில்லை. சளி என்றால் தொண்டையில் கரகரவென்று சத்தம் வருமே, இதில் சத்தமே இல்லையே என்பது மட்டும் அந்த அம்மாவுக்கு உறுத்தியது. செத்த குஞ்சு இரண்டை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனார்.

மருத்துவர் அறுத்துக் காட்டினார். நுரையீரலில் கடுகு கடுகாக வெள்ளையும் மஞ்சளுமாய் முடிச்சுகள்.

"பூசணம்மா இது. கீழே என்ன போட்டிருக்கீங்க?"

"உமிதான் சார். மூட்டை மழையில நனைஞ்சிடுச்சு. வெயில்ல நல்லா காயவச்சுதான் போட்டேன்."

"காயவச்சா ஈரம் போகும், பூசணம் போகாது. காய்ஞ்ச பிறகுதான் அது தூளா பறக்கவே செய்யும்."

ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இந்தப் பூசணத்தின் வித்து கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. நாமும் தினமும் சுவாசிக்கிறோம். பெரும்பாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. பறவையின் உடம்பு வேறு மாதிரி. நுரையீரலோடு ஒன்பது காற்றுப்பைகள் வயிறு வரை பரவியிருக்கின்றன. இழுத்த மூச்சு அவ்வளவு ஆழம் போகிறது, வித்தும் கூடவே போகிறது. கோழியின் 41 டிகிரி உடல் சூடும் அதற்கு ஒத்துப்போகிறது. மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகள்தான் அதிகம் மடியும். வான்கோழி, காடை, வாத்துக்கும் வரும். உயிர்க்காட்சி சாலைகளில் ராஜ உபசாரத்தோடு வளரும் பென்குயின்கூட இதற்குப் பலியாவதுண்டு.

இது ஒரு குஞ்சிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதில்லை. எல்லாம் ஒரே கூளத்தைக் கிளறி மூச்சிழுப்பதால்தான் கூட்டமாகச் சாகின்றன. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. பூசணத்தை ஒன்றும் செய்யாது. கொட்டகை முழுக்கக் கொடுத்துக் குணமாக்கும்படியான மருந்தும் கிடையாது. பொரித்த முதல் இரண்டு நாளிலேயே குஞ்சு தவித்தால், அழுக்கு முட்டையிலும் கழுவாத குஞ்சு பொரிப்பானிலும் பூசணம் இருந்திருக்கலாம். குஞ்சு வாங்கிய இடத்தில்தான் அப்போது கேட்க வேண்டும்.

அந்த அம்மா அன்று மாலையே குஞ்சுகளைத் திண்ணைக்கு மாற்றினார். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, தூசு பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்து, உமி முழுவதையும் அள்ளிக் குழியில் புதைத்தார். கொட்டகையைக் கழுவிக் காயவிட்டு, புது உமி போட்டார். தண்ணீர்த் தட்டைச் செங்கல்மேல் உயர்த்தி வைத்தார். அப்படியும் சாவு உடனே நிற்கவில்லை. ஏற்கெனவே நெஞ்சில் பூசணம் ஏறியவை ஒரு வாரம் வரை ஒன்றிரண்டாகப் போயின. மிஞ்சியவை 58. அதிலும் ஆறேழு கடைசி வரை தேறவில்லை.

தை மாதம் அடுத்த 50 குஞ்சுகள் வந்தன. இப்போது உமி மூட்டை தரையில் இல்லை, பலகைமேல் இருக்கிறது. தினமும் காலையில் தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள உமியை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்க்கிறார். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால், அந்த இடத்து உமியை அப்போதே அள்ளி வெளியே கொட்டிவிடுகிறார்.