இல்லை என்றாவது சொல்லலாமே

 

பல நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம். நேற்று போஸ்ட்மேன் வந்துபோன பிறகு இனியும் தள்ளக்கூடாது என்று பட்டது.

என்னிடம் கணிதம் படித்த தோட்டத்துப் பையன் ஒருவன். அம்மா கொழுந்து பறிக்கிறவர். வீடு தெமோதரைப் பக்கம் என்பதால் சின்ன வயதிலேயே ரயில் பைத்தியம். நம்ம மலைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் டெப்லட் கொடுக்காமல் ரயில் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகாதே, அதைப் பார்க்கவே போய் நிற்பானாம். தரம் 10இல் ஒருநாள் கேட்டான்: "ஆகாயத்துல யாரு சேர் டெப்லட் குடுக்கிறது?"

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று ஒருவர் இருக்கிறார் என்றேன். ராடாரில் பார்த்து இரண்டு விமானங்களுக்கு நடுவில் 5 கடல் மைல், அல்லது மேலும் கீழுமாக 1000 அடி இடைவெளி வைப்பார் என்றேன். 5 கடல் மைலைக் கிலோமீற்றருக்கு மாற்றச் சொன்னேன். 9.26 என்று எழுதிக் காட்டினான். அன்றைக்குப் பிடித்த ஆசை.

2021 உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில்தானே நடந்தது? அந்தத் தொகுதியில்தான் இவனும். பெறுபேறு ஓகஸ்ட் கடைசியில் வந்தது. கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு, ஆனால் கெம்பஸுக்குக் கொஞ்சம் போதவில்லை. பிறகு பயிலுநர் வேலைக்கு விண்ணப்பம் கேட்டார்கள், போட்டான். எழுத்துப் பரீட்சை முடிந்தது, நேர்முகமும் முடிந்தது. முடிந்து 16 மாதம். தெரிவானான் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. போன் எடுத்தால் "அறிவிப்போம் தம்பி" என்கிறார்கள். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், அவன் பெயர் இன்னும் அங்கே கிடக்கிறது.

விண்ணப்பத்தில் அவன் போட்டது என் வீட்டு விலாசம். லயத்துக்குத் தனி விலாசம் ஏது? கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போய், யார் கையிலாவது கிடந்து, நேர்முகத் திகதி போன பிறகு வந்து சேர்ந்த கதைகள் நம் பக்கம் எத்தனை!

இந்த வேலையில் தாமதம் என்பது சும்மா தாமதம் இல்லை. உத்தரவுப் பத்திரம் எடுக்க 21 வயதாக வேண்டும், அது சர்வதேச விதி. தெரிவான பிறகும் வகுப்பு, சிமியுலேட்டர், அதற்குப் பிறகு மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து நிஜ விமானங்களோடு பயிற்சி என்று இரண்டு மூன்று வருடம் போகும். அதனால் சேர்க்கும்போதே வயதெல்லை வைப்பார்கள். அமெரிக்காவில்கூட 31க்கு முன் சேர்ந்துவிட வேண்டும். அங்கே 1981இல் வேலைநிறுத்தம் செய்த 11,000க்கு மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை ரீகன் ஒரேயடியாக நீக்கினார். அந்த இடங்களை நிரப்ப வருடக்கணக்கானது.

நம் நாட்டிலும் 2022 நெருக்கடிக்குப் பிறகு பலர் வெளிநாடு போய்விட்டார்கள், ஆள் போதாது என்று செய்திகளில் படித்தோம். ஆளும் இல்லை, எடுக்கவும் இல்லை. இது என்ன கணக்கு? நான் கணக்கு வாத்தியார், எனக்கே விளங்கவில்லை.

காத்திருப்பு எனக்குப் புதிதல்ல. உயர்தரம் முடித்து கல்வியியற் கல்லூரிக் கடிதம் வரும்வரை நானும் வருடக்கணக்கில் இருந்தவன்தான். ஆனால் எனக்கு பஜாரில் மாமாவின் புடவைக்கடை இருந்தது. காலையில் துணி மடித்தேன், மதியம் உம்மா சோறு அனுப்பினார். யாரும் என்னைச் சும்மா இருப்பவன் என்று சொல்லவில்லை. இவனுக்கு அந்தக் கடை இல்லை. "இந்த மாசம் வந்துரும் சேர்" என்று சொல்லிக்கொண்டே தொழில்நுட்பக் கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டான். விடாதே என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த ஆசையை மூட்டியவன் நான்தானே, வாய் வரவில்லை.

வருகிற மார்ச்சில் அவனுக்கு வயதெல்லை தாண்டுகிறது. இப்போது கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும் நேரம் பார்த்து போன் எடுப்பான். சுகம் விசாரித்துவிட்டு, "போஸ்ட் ஏதும் வந்திச்சா சேர்?"

நேற்று கேட்டில் பெல் அடித்ததும் மகள்தான் ஓடினாள். "வாப்பா, அந்த நானாட கடிதமா?" என்று கத்திக்கொண்டு வந்தாள். பேங்கிலிருந்து எனக்கு வந்தது.

அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை.