ஐதரசனுக்கு மேலே

மின்னிரசாயனத் தொடரை மனனஞ் செய்யாத விஞ்ஞான மாணவர் இலர். பொற்றாசியத்தில் தொடங்கிப் பொன்னில் முடியும் அவ்வரிசையின் நடுவே ஐதரசன் ஒரு வேலிபோல் நிற்கின்றது. வேலிக்கு மேலுள்ள உலோகம் ஐதான அமிலத்திலிருந்து ஐதரசனை வெளியேற்றும். கீழுள்ள செம்பும் வெள்ளியும் பொன்னும் அதனைச் செய்யா. நாகத்தின் நியம மின்வாய் அழுத்தம் -0.76 வோல்ற்று, இரும்பினது -0.44, செம்பினது +0.34. குறியைப் பார்த்தே விடை எழுதிவிடலாம். இத்துணை எளிய எதிர்வுகூறல் இரசாயனத்தில் அரிது. ஆயினும் அதற்கு எல்லையுண்டு என்பதை எனக்கு உணர்த்தியது நூலன்று, மன்னார்த் தீவு.

தலைமன்னார் இறங்குதுறையை எடுத்துக்கொள்வோம். 1914 இல் தனுஷ்கோடியுடன் தொடங்கி, 1964 புயலின் பின் இராமேஸ்வரத்துடன் 1984 வரை நீடித்த கப்பற் சேவையின் துறை அது. அங்கே இரும்பு உதிர்வதைக் கண்டோர் கடல்நீரை அமிலமென்றே எண்ணுவர். கடல்நீரோ சற்றே காரத்தன்மையுடையது. அதன் பீஎச் பெறுமானம் ஏறக்குறைய 8. அங்கு இரும்பை அரிப்பது கரைந்துள்ள ஒட்சிசன். குளோரைட்டு அதற்குத் துணை. ஐதரசன் வேலிக்கு அங்கு வேலையே இல்லை.

பேசாலை வலைகளில் தொங்கும் ஈயக் குண்டின் கதை வேறு. ஈயத்தின் அழுத்தம் -0.13, வேலிக்கு மேலேதான் அதன் இடம். ஆனால் ஐதான சல்பூரிக்கமிலத்தில் இட்டவுடன் கரையாத ஈயசல்பேற்று அதனைப் போர்த்திவிடும். மீன் ஏற்றும் லொறியின் பற்றறிக்குள் ஈயத் தட்டு ஆண்டுக்கணக்கில் அமிலத்துள் நிற்பதற்கு இப்போர்வையும் ஒரு காரணமாகும்.

எல்லாவற்றினும் விந்தை தைத்தேனியம். அதன் அழுத்தம் -1.63. வகுப்பில் இவ்விலக்கத்தை மட்டும் எழுதி வினவினால், அமிலத்தில் அது சீறிப் பொங்கும் என்றே மாணவர் விடையிறுப்பர். குளிர்ந்த ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தில் ஒரு துண்டை இட்டாலோ குமிழி காண்பதரிது. காற்றுப் பட்டதும் தானாகவே படரும் மெல்லிய ஒட்சைட்டுப் படை அதனைக் காக்கின்றது. கீறினாலும் மீண்டும் படரும். அப்படையை ஐதரோபுளோரிக்கமிலத்தால் கரைத்துவிட்டால் தொடர் சொன்னது உடனே பலிக்கும். தாக்கம் இயலுமா என்பதைத் தொடர் கூறும். எவ்வளவு விரைவில் என்பதைக் கூறாது.

இந்தத் தைத்தேனியம் எமக்குப் புறத்தியன்று. தீவின் கரைமணலில் கருமையாய்க் கிடக்கும் இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். செறிந்த சூடான சல்பூரிக்கமிலம் அதனைச் சிதைக்கும். வெண்ணிறப் பூச்சுக்கான ஒட்சைட்டு அவ்வழியே பெறப்படுகின்றது. அம்மணலை அகழும் திட்டத்தை எதிர்த்து 2025 இல் தீவு மக்கள் தெருவில் இறங்கினர். அவர்கள் கேட்டது அமிலத்தைப் பற்றியன்று. மணல் போனால் தாழ்ந்த இந்நிலத்துக் கிணறுகள் உவர்க்குமா என்பதே அவர்தம் வினா. அதற்கு எந்த அட்டவணையிலும் குறி போட்ட இலக்கம் இல்லை. கிணறு கிணறாக அளந்தே விடை காணவேண்டும்.