தங்கவயல் கோட்டு

லண்டன் விசா கைக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சென்னைக்காரர் உடையைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தார். பளிச்சென்ற நிறம் வேண்டாம், வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ வேண்டாம், இடுப்பில் பை கட்ட வேண்டாம். சாம்பல், கருநீலம், பழுப்பு போதும். சுற்றுலா வந்தவர் என்று ஒருத்தரும் கண்டுபிடிக்கக் கூடாது. பிக்பாக்கெட்டுக்குப் பயந்து பாதி, கூச்சத்துக்குப் பயந்து மீதி.

இதே கொள்கையோடுதான் புறப்படுமுன் ராபர்ட்சன்பேட்டைக்கும் ஒரு நடை வந்தார். கர்நாடகத்துக் கோலார் தங்கவயலில், தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் ஊர். படங்களில் பார்த்ததெல்லாம் புழுதியும் கந்தலும். ஆகவே முட்டிவரை கால்சட்டை, வெளுத்துப்போன டி-ஷர்ட், ரப்பர் செருப்பு. யார் கண்ணிலும் படாமல் சுற்றிவரலாம் என்பது கணக்கு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்த கூட்டத்தில் இஸ்திரி மடிப்புக் கலையாத பேண்ட், முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. வயதானவர்கள் சிலர் அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார்கள். தெருவே திரும்பிப் பார்த்த ஒரே ஆள் சென்னைக்காரர்தான்.

எம்.ஜி. மார்க்கெட் பக்கத்துச் சந்தில் ஒரு தையற்கடை. எழுபதைத் தாண்டிய தையற்காரர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா தம்பி, குளிக்கப் போறியா?" என்றுதான் பேச்சே தொடங்கியது.

லண்டன் சேதி தெரிந்ததும் பெரியவர் டீ சொல்லி அனுப்பிவிட்டு நாடாவை எடுத்தார். கோட்டு தைக்காமல் யாராவது சீமைக்குப் போவார்களா? சென்னைக்காரர் தன் கொள்கையை விளக்கினார். இப்போதெல்லாம் அங்கே யாரும் கோட்டு போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவதில்லை ஐயா, கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிட வேண்டும், அதுதான் நல்லது.

"கரையறதுக்கு நீ இன்னா உப்பா?"

சண்டை அங்கே ஆரம்பித்தது. டீ ஆறிப்போகும்வரை ஓயவில்லை.

பெரியவரின் பிடிவாதத்துக்குப் பின்னால் நூற்றாண்டுக்கும் மேலான கதை இருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலை தொடங்கியபின், வடாற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் சட்டையும் செருப்பும் போட்டால் அடி விழுந்த காலம். சுரங்கத்திலும் சட்டைக்கு வேலையில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். வியர்த்து ஊறி மேலே வந்தால், தங்கம் ஒளித்திருக்கிறானா என்று உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். வாரம் முழுக்க இப்படிப் பிறர் கைபட்ட உடம்புக்கு ஞாயிற்றுக்கிழமை கோட்டு. பங்களாவும் கிளப்புமாக வெள்ளைக்காரர்கள் இந்த ஊரைக் 'குட்டி இங்கிலாந்து' ஆக்கி வைத்திருந்தார்கள். அந்தத் துரைமார்களுக்குத் தைத்துத்தான் பெரியவரின் அப்பா கோட்டு வெட்டக் கற்றுக்கொண்டாராம்.

சென்னைக்காரர் விடவில்லை, காந்தியை இழுத்தார். 1888-இல் படிக்கப் போன காந்தி, கரையிறங்கும்போது போடுவதற்கென்றே வெள்ளை ஃபிளானல் உடுப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் செப்டம்பர் மாதக் கடைசி, வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தான்! இந்த அவதி தனக்கு வேண்டாம் என்பதுதான் சென்னைக்காரரின் கட்சி. ராமானுஜனையும் துணைக்கு அழைத்தார்: 1914-இல் கேம்பிரிட்ஜ் புறப்படுமுன் குடுமியை எடுத்து, மேல்நாட்டு உடுப்பு மாட்டி அனுப்பினார்கள்; அங்கே ஷூ அவர் காலைப் படுத்தியபாடு கொஞ்சமல்ல.

பெரியவர் பேசாமல் சுவரைக் காட்டினார். நீலக் கோட்டும் சிவப்பு டையுமாக அம்பேத்கர். 1954-இல் தங்கவயலுக்கே வந்தவர். "இவுரு அமெரிக்கால படிச்சாரு, லண்டன்ல படிச்சாரு. எங்கயாச்சும் கரைஞ்சாரா?"

இந்தக் கேள்வியில் ஒரு சிக்கல் இருக்கிறது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. லண்டன் தெருவில் அம்பேத்கரின் கோட்டு கரைந்துதான் போயிருக்கும், அங்கே எல்லோரும் கோட்டுதான். அது கண்ணைக் குத்தியது இங்கே, சொந்த மண்ணில். 1931-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அரை வேட்டியோடு போன காந்தியை உலகமே வியந்தது. உடுத்த உரிமை இருப்பவர் உடையைக் குறைத்தால் துறவு. அந்த உரிமை மறுக்கப்பட்டவர் அதையே செய்தால் யாரும் வியக்க மாட்டார்கள், 'அவன் எப்போதும் அப்படித்தானே' என்பார்கள். வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரட்டைமலை சீனிவாசன், தாம் தீண்டப்படாதவர் என்பதைக் கோட்டிலேயே எழுதி அணிந்திருந்தார் என்று சொல்வதுண்டு. கரைய மறுப்பதற்கும் ஒரு கோட்டு தேவைப்பட்டிருக்கிறது.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. அதன் பிறகு மாரிக்குப்பத்திலிருந்து விடிகாலை ரயிலேறி பெங்களூரு வேலைக்குப் போய் வருவதே இங்கே பலருக்குப் பிழைப்பு. அந்த ரயிலிலும் கசங்கிய சட்டையைப் பார்ப்பது அரிது என்றார் பெரியவர். தங்கவயல்காரன் என்று தெரிந்தால் தெரியட்டும், தாழ்வாக மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. சினிமாக்காரர்கள் மீதும் அவருக்கு இதே கோபம்தான்: "எங்களைக் கந்தல்லயே காட்டுறாங்க. பீரோ நெறைய கோட்டு வெச்சிருந்த ஊருப்பா இது."

கடைசியில் சென்னைக்காரர் கருநீலக் கோட்டுக்கு அளவு கொடுத்தார், அவர் படித்து வைத்திருந்த நிறப் பட்டியலுக்கும் அது ஒத்துவந்தது. சிவப்பு டை மட்டும் வேண்டாம் என்றார். பெரியவர் அதற்கும் சண்டைக்கு வந்தார்.

லண்டனில் எதை உடுத்துவது என்பது அவரவர் பாடு. ராபர்ட்சன்பேட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் மட்டும், சினிமாவில் பார்த்த புழுதியை நம்பி உடுத்தாமல், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.