காரின் கரகரப்பும் என் தலையாட்டலும்

மாணவ நண்பர்களே, இயற்பியல் ஆய்வகத்தில் மின்காந்தத்தைப் பார்க்காதவர் நம்மில் எவருமிலர். இரும்பைச் சுற்றிய கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகும்; நிறுத்தினால் வெறும் இரும்பு. முதலாண்டுத் தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். அதே மின்காந்தம் எங்கள் வீட்டு வாசலில் நின்ற காருக்குள்ளும் இருந்ததை அறியாமல் நான் செய்த பிழை ஒன்றை இங்கே எழுதத் துணிகிறேன்.

எங்கள் ஊர் விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர். அபிராமேசுவரர் கோயில் உள்ள ஊர் என்றால் பலருக்கும் தெரியும். அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானாகையால், மின்கட்டண ரசீது முதல் மருந்துச் சீட்டு வரை என் கைக்கே வரும். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். கேட்க இனிக்கும் சொல்தான், சுமக்கத்தான் கனக்கும்.

சென்ற கோடையில், கத்திரி வெயில் கொளுத்திய ஒருநாள், காரின் முன்புறத்திலிருந்து கரகரவென்று ஓர் ஓசை கிளம்பியது. சவாரிக்கு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு கடையில் காட்டினோம். கடைக்காரர் மூடியைத் திறந்து ஒரு நொடி பார்த்தார். "ஏசி கம்ப்ரஸர் போச்சு. மாத்தணும்னா இருபதாயிரத்துக்கு மேல ஆகும்."

அப்பா என்னைப் பார்த்தார். கைபேசியில் இரண்டு பக்கம் படித்திருந்த தைரியத்தில், "ஆமாப்பா, கம்ப்ரஸர்தான்" என்று தலையாட்டிவிட்டேன். அன்றிரவு அம்மா தோட்டைக் கழற்றித் தாளில் மடித்து வைத்ததைக் கண்டேன். எனக்கு உறக்கமில்லை.

மறுநாள் காலை அப்பா, "வாடா, திண்டிவனம் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார். அங்கே சாலையோரப் பட்டறையொன்றில் வண்டியை நிறுத்தினார். வயதான மெக்கானிக் எதையும் தொடவில்லை. "தம்பி, ஏசிய நிறுத்து" என்றார். நிறுத்தினேன். குளிர்காற்று நின்றது, கரகரப்பு நிற்கவில்லை.

"இப்ப கம்ப்ரஸரே சுத்தல. அப்புறம் அது எப்படிக் கத்தும்?"

நண்பர்களே, எஞ்சின் ஓடும்வரை பெல்ட்டு கம்ப்ரஸரின் முன்னுள்ள கப்பியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் கப்பி ஒரு பேரிங்கின்மேல் தனியே சுற்றுமேயன்றி உள்ளிருக்கும் தண்டு அசையாது. ஏசியைப் போட்டதும் கப்பிக்குப் பின்னுள்ள சுருளில் மின்சாரம் பாய்ந்து, முன்தட்டை 'டக்'கென்று இழுத்துக் கப்பியோடு ஒட்டவைக்கும். அப்போதுதான் தண்டு சுழன்று வாயுவை அழுத்தும். நம் ஆய்வக மின்காந்தமேதான்! ஏசியைப் போட்டால் மட்டும் கேட்கும் ஓசை என்றால் கம்ப்ரஸரைச் சந்தேகிக்கலாம். அப்போதுங்கூட வாயு குறைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றி வருகிறது.

அவர் அத்தோடு விடவில்லை. எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, அது ஓடும் உருளை ஒவ்வொன்றையும் கையால் சுற்றச் சொன்னார். மற்றவை வழுக்கிக்கொண்டு சுழன்றன. கம்ப்ரஸர் கப்பி மட்டும் மணலை அரைப்பதுபோல் நறநறத்தது. முன்தட்டைப் பிரித்து, கப்பியை இழுத்தெடுத்து, பழைய பேரிங்கைக் காட்டினார். கிரீஸ் வற்றிக் கறுத்திருந்தது. புதியதை அழுத்திப் பொருத்தியபின், தட்டுக்கும் கப்பிக்கும் இடையே மெல்லிய தகட்டை நுழைத்து இடைவெளியை அளந்தார். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். குறைந்தால் உராயும், கூடினால் காந்தம் பிடிக்காது.

வாயுக் குழாயின் பக்கம் அவர் கையே போகவில்லை. "கேஸ் வெளிய போனா காசும் போவும்" என்றார். எங்கள் காரில் உள்ளது 134ஏ என்ற வாயு. காற்றைச் சூடாக்குவதில் கரியமிலவாயுவைப்போல் ஆயிரத்து நானூறு மடங்குக்கும் மேல் வலியது. காசு மட்டுமா போகும் என்று எண்ணிக்கொண்டேன், வாய் திறக்கவில்லை. முந்தின நாள் திறந்தது போதாதா?

பேரிங்கும் கூலியும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

திரும்பும் வழியில் மெல்லச் சொன்னேன்: "அப்பா, நேத்து நான் தெரியாமத்தான் தலையாட்டினேன்."

அவர் சாலையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "தெரியும். தெரிஞ்சு சொல்ற மூஞ்சி வேற. அதான் இங்க கூட்டியாந்தேன்."

வீடு சேர்ந்ததும் அம்மா தாளைப் பிரித்தாள். அன்றிரவே மேல்மலையனூருக்கு அமாவாசைச் சவாரி இருந்தது.