தண்ணீருக்குள் வெள்ளெழுத்து

"டைவிங் மாஸ்க்குக்கு லென்ஸ் போட ஆப்டீசியன் எதற்கு சார்? ஒட்டிக்கொள்கிற லென்ஸ் வருகிறதே" என்று பக்கத்தில் புதிதாகத் திறந்த ஒரு பெரிய கடையின் பையன் என் வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறான். கூடவே, "தண்ணீரில் எல்லாம் பெரிதாகத் தெரியும், பவரைக் குறைத்தே வாங்குங்கள்" என்றும் சொன்னானாம். முதலில் சொன்னதை விட்டுவிடலாம். வாடகை மாஸ்க்கில் ஒருநாள் இறங்குகிறவருக்கு ஒட்டு லென்ஸ் போதும், நன்றாகக் காயவிட்டால் நிற்கும். இரண்டாவதாகச் சொன்னதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நீலாத்ரி ரோட்டை ஒட்டி என் கண்ணாடிக் கடை. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ ஓடத் தொடங்கியதும் வாடகை ஏறியது. இந்த வருடத்தோடு மூடுகிறேன். இருபத்தைந்து வயதில் புரோகிராமராக வந்து என்னிடம் மைனஸ் கண்ணாடி வாங்கியவர்கள் இப்போது ஐம்பதை நெருங்குகிறார்கள். முருடேஸ்வரத்திலிருந்து நேத்ராணித் தீவுக்கும், அந்தமானில் ஸ்வராஜ் தீவுக்கும் டைவிங் போகிறார்கள். கீழே மீன் தெரிகிறது, மணிக்கட்டில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் தெரிவதில்லை. டாங்க்கில் 200 பார் காற்றழுத்தத்தோடு இறங்கி, 50 பார் மிச்சம் இருக்கும்போது மேலே வந்துவிட வேண்டும் என்பது டைவிங்கில் வழக்கம். அந்த 50ஐ 80 என்று படிக்கிற கண்ணோடு பதினெட்டு மீட்டர் ஆழத்தில் ஒருவர் இருக்கிறார் என்றால் எனக்குத் தூக்கம் வராது.

தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது பொருள் முக்கால் தூரத்துக்கு வந்து நிற்கும். நாற்பது சென்டிமீட்டரில் பிடித்த அழுத்தக் கேஜ், மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று இடைவெளியையும் சேர்த்தால், கண்ணுக்கு ஏறக்குறைய முப்பத்தொன்றில் இருக்கிறது. எழுத்து பெரிதாவது உண்மை. ஆனால் கிட்டே வந்ததால் பெரிதாகிறது. வெள்ளெழுத்துக்காரருக்குக் கிட்டே வருகிற எழுத்துதானே கலங்கும்? கண்ணிடம் 2.50 டயாப்டர் பவர் கேட்ட இடத்தில் தண்ணீர் 3.25 கேட்கிறது. அதனால் தரையில் 1.75 ஆட் (படிப்பதற்கான கூடுதல் பவர்) போடுகிறவருக்கு மாஸ்க்கில் 2.25க்குக் கீழே நான் போவதே இல்லை. கை நீளமானவர் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன்.

தாய்லாந்துக் கடலோர மோக்கன் இனச் சிறுவர்கள் மாஸ்க்கே இல்லாமல் நீருக்குள் தெளிவாகப் பார்ப்பதைப் பற்றி ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் அன்னா கிஸ்லென் 2003இல் எழுதினார். பாவையைச் சுருக்கி, கண்ணின் உள்லென்ஸை முடிந்தமட்டும் குவித்து அவர்கள் பார்க்கிறார்கள். நாற்பதுக்கு மேல் நமக்கு இறுகிப்போவது அந்த உள்லென்ஸ்தான். அதன் வேலையைத்தான் நாங்கள் வெளியிலிருந்து செய்கிறோம்.

எனக்கு லென்ஸ் தேய்க்கக் கற்றுக்கொடுத்தவர் சிக்பேட்டையில் பட்டறை வைத்திருந்த சேலத்து மேஸ்திரி. டைவிங் என்ற பேச்சே அவர் காதில் விழுந்திருக்காது. எமரித் தூளை மூன்று பதத்தில் மாற்றி மாற்றிப் போட்டு, விரல் நுனியால் தொட்டுப் பார்த்தே அடுத்த பதத்துக்குப் போகலாமா என்று சொல்வார். அப்போது கே.டி. பைஃபோக்கல் காலம். கிரவுன் கண்ணாடிக்குள் ஃபிளின்ட் கண்ணாடித் துண்டைப் புதைப்பார்கள். வளைவு அதேதான், ஆனால் அடுத்து இருப்பது காற்றா கண்ணாடியா என்பதைப் பொறுத்து பவர் மாறிவிடும். "தம்பி, அந்தப் பக்கம் எதைத் தொட்டுக்கிட்டு இருக்குன்னு மொதல்ல பாரு, அப்புறம் வளைவைப் பேசு" என்பார். ஒரே வாக்கியம். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார். கணக்கு தப்பினால் லென்ஸை வாங்கி அப்படியே குப்பையில் போடுவார், திட்டமாட்டார். அது திட்டைவிட மோசம்.

முதல் மாஸ்க் என் மேஜைக்கு வந்தபோது அந்த வாக்கியம்தான் வேலை செய்தது. சாதாரண சி.ஆர். 39 லென்ஸின் முன்வளைவு தண்ணீரைத் தொட்டால் அதன் பவரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே தண்ணீர்ப் பக்கம் தட்டையாகவே இருக்க வேண்டும்; வளைவு முழுவதும் கண் பக்கம். டெம்பர் செய்த மாஸ்க் கண்ணாடியைத் தேய்க்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. அதனால் லென்ஸின் பிளேனோ (தட்டை) முகத்தை அதன் உள்பக்கம் ஒட்டுகிறோம். இன்று லேபுக்குப் போன் செய்து பிளேனோ பேஸ் கேட்டால் எதிர்முனையில் பேச்சே இல்லை. பேஸ் கர்வ் (முன்வளைவு) என்றால் என்ன என்று கேட்கிற பையன்கள் லேபில் உட்கார்ந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கொடுத்ததை மெஷின் வெட்டுகிறது. மைனஸ் ஆறுக்காரரின் மாஸ்க் கண்ணாடி கண்ணிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டருக்குப் பதில் இருபத்தைந்தில் நிற்கும்போது ஆறரை வேண்டும் என்பதுகூட யாருக்கும் உறைப்பதில்லை.

பிறகு, ரீடிங் துண்டை எங்கே வைப்பது? நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து அளவெடுக்கிறார்கள். டைவர் உட்கார்ந்தா நீந்துகிறார்? குப்புறக் கிடந்து, தலையைத் தூக்கி முன்னால் பார்க்கிறார். கேஜைக் கீழிருந்து இடப்பக்கமாகக் கொண்டுவருகிறார். என் கடையில் ஒரு நீள பெஞ்ச் உண்டு. மாஸ்க்கைப் போட்டுக் குப்புறப் படுக்கச் சொல்லி, கம்ப்யூட்டர் எந்தக் கை என்று கேட்டு, அவர் பார்வை கண்ணாடியில் விழும் இடத்தை மார்க்கரால் குறிப்பேன். மேனேஜர்கள் முதலில் கூச்சப்படுவார்கள். மைனஸ் இரண்டரைக்காரருக்கு ரீடிங் துண்டே வேண்டியதில்லை. மைனஸ் லென்ஸின் கீழ்ப்பாதியை அறுத்துவிட்டால் வெறும் கண்ணாடி வழியாகவே படித்துவிடுவார். அப்படி அறுத்துக் கொடுப்பதற்குத் தனியாகக் காசு கேட்டதில்லை, ஆனால் அதை ஏமாற்று வேலை என்று சொன்ன கடைக்காரர் உண்டு. அது இன்னும் ஆறவில்லை.

இன்னொன்று. புது மாஸ்க்கின் உள்ளே படிந்த சிலிக்கோன் பூச்சைப் போக்க லைட்டர் தீயைக் காட்டுவது டைவர்களின் பழக்கம். லென்ஸ் ஒட்டிய பிறகு காட்டினால் பிளாஸ்டிக்கும் பசையும் போச்சு. முதலில் பூச்சு, பிறகு லென்ஸ். மாஸ்க் விற்கிறவர்கள் இதைச் சொல்லி அனுப்புவதில்லை.

கடையைக் காலி செய்யும்போது பிளேனோ தேய்க்கும் டூல்களை யார் கேட்டாலும் சும்மாவே கொடுத்துவிடுவேன். பெஞ்சையும் சேர்த்து எடுத்துப்போக வேண்டும், படுக்கவைத்துத்தான் அளவெடுக்க வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவருக்குக் கிடையாது.