பேகத்துக்காக ஒரு குட்டி மாளிகை

ஹைதராபாத் ரெசிடென்சியில் தூண்களைவிட அதிகம் பேசுவது, தோட்டத்தில் நிற்கும் ஒரு பொம்மை வீடு.

ஹைதராபாத் கோட்டி பகுதியில் பழைய புத்தகக் கடைகளையும் ஆட்டோக்களின் இரைச்சலையும் தாண்டி மகளிர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நுழைந்தால், சட்டென்று வேறு ஊர். வானுயர்ந்த வெள்ளைத் தூண்கள். அகன்ற படிக்கட்டின் இருபுறமும் சிங்கங்கள். நிஜாம் அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக் 1803-ல் கட்டத் தொடங்கிய ரெசிடென்சி மாளிகை இது.

கிர்க்பாட்ரிக் பிறந்தது 1764-ல், சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில். உருதும் பாரசீகமும் சரளம். வீட்டில் முகலாய பாணி உடை, ஹூக்கா, மருதாணி. 1798-ல் ஹைதராபாத்திலிருந்த பிரெஞ்சுப் படையைக் கலைக்க வைத்து, கம்பெனியின் கண்ணில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

அதே ஆண்டு இறுதியில் ஒரு கல்யாண வீட்டில் கதை தொடங்கியது. மணப்பெண்ணின் தங்கை கைருன்னிசா. அவருடைய பாட்டனார், கம்பெனிப் படையின் சம்பளப் பட்டுவாடாவைக் கவனித்த பிரமுகர். திரைக்குப் பின்னால் இருந்த பெண்கள் விருந்தாளிகளைப் பார்க்க முடியும். விருந்தாளிகள் அவர்களைப் பார்க்க முடியாது. முதலில் பார்த்தவர் கைருன்னிசா என்பதுதான் கதை. கிர்க்பாட்ரிக்குக்கு வயது 34. பெண்ணுக்குப் பதினான்கைத் தாண்டியிருக்காது. போதாக்குறைக்கு, அவருக்கு ஏற்கனவே வேறொரு பிரபுக் குடும்பத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள்.

பேசி முடித்த சம்பந்தத்தை உடைத்தது யார்? பெண் வீட்டுப் பெண்கள்தான் என்று தன் அண்ணன் வில்லியமுக்கு எழுதினார் கிர்க்பாட்ரிக். அந்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்வதைவிடச் சாவதே மேல் என்று கைருன்னிசா பிடிவாதம் பிடித்தாராம். தாயாரும் பாட்டியும் பெண்ணையே அவர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்களாம். ஓர் இரவு முழுக்க நீண்ட அந்தச் சந்திப்பில் தான் மனதைக் கட்டுப்படுத்திக்கொண்டதாகவும், பிறகு அது முடியவில்லை என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த இரவைப் பற்றிக் கைருன்னிசா எழுதியதாக ஒரு வரியும் கிடைக்கவில்லை. காதல் கதையின் ஒரு பாதி, இன்னும் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறது.

ஊர் சும்மா இருக்குமா? ரெசிடென்ட் தன் அதிகாரத்தைக் காட்டி ஒரு சையது குடும்பத்துப் பெண்ணைக் கவர்ந்துவிட்டார் என்று புகார் கிளம்பியது. மணமுடிக்க ஒரே வழி, அவர் இஸ்லாத்தைத் தழுவுவது. தழுவினார். நிக்காஹ் ஓசையில்லாமல் நடந்தது. 1801 மார்ச்சில் ஆண் குழந்தையும் பிறந்தது.

கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு எரிச்சல். 1801 நவம்பர் 7 அன்று சென்னை அரசினர் மாளிகையில், இன்று ஓமந்தூரார் தோட்டம் என்று அழைக்கப்படும் இடத்தில், கவர்னர் கிளைவ் முன்னிலையில் ரகசிய விசாரணை. ஹைதராபாத்தில் பணியாற்றிய இரண்டு ராணுவ அதிகாரிகள் சத்தியப் பிரமாணம் செய்து, தெரிந்ததைச் சொன்னார்கள். ஒரு கல்யாணம், கம்பெனியின் கோப்பாக மாறியது. ஆனாலும் கிர்க்பாட்ரிக்கின் பதவி தப்பியது.

மாளிகைத் தோட்டத்தில் பேகத்துக்காக அவர் எழுப்பிய ரங் மஹால் 19ஆம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது மாளிகையின் சிறிய மாதிரி. தூண்கள் முதற்கொண்டு எல்லாம் உண்டு. உயரம் மட்டும் குழந்தையளவு. கோஷாவில் இருந்த பேகத்தால் மாளிகையைச் சுற்றிவர முடியாது, அதனால் அதையே அவரிடம் கொண்டுவந்து வைத்தார் என்கிறது உள்ளூர்க் கதை. கட்டடக் கலைஞரின் மாதிரியாகவே இருக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு.

இந்த வாழ்க்கை நீடிக்கவில்லை. 1805-ல் இரண்டு குழந்தைகளும் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். தாய் அவர்களை மறுபடி பார்க்கவேயில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கிர்க்பாட்ரிக் கல்கத்தாவில் இறந்தார். கைருன்னிசா 1813 வரை வாழ்ந்தார். வில்லியம் டால்ரிம்பிள் 2002-ல் எழுதிய 'ஒயிட் முகல்ஸ்' நூல்தான் இவர்களை உலகறியச் செய்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு மாளிகை மகளிர் கல்லூரியானது, 2022-ல் பல்கலைக்கழகமானது. தெலங்கானா விவசாயிகள் போராட்ட வீராங்கனை சாகலி ஐலம்மாவின் பெயரை இப்போது தாங்கி நிற்கிறது. நீண்ட காலம் சிதிலமடைந்து கிடந்த மாளிகையை, உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆதரவுடன் புதுப்பித்து 2023-ல் திறந்தார்கள்.

குட்டி மாளிகையின் முன்னால் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய மாளிகையின் வளாகத்தில் மாணவிகள் புத்தகப் பையோடு எந்தத் திரையுமின்றி நடந்து போகிறார்கள். ஒரு பெண்ணுக்காகச் சிறிதாக்கப்பட்டதாகச் சொல்லப்படும் வீடு, இப்போது முழு அளவில் பெண்கள் கையில்.